6,912 அணுக்களும் ஒரு ராஜலிங்கமும்

தேய்மானத்தை ஒழிப்பதற்கென்றே அரசாங்கம் ஒரு நிலையம் கட்டியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கட்டத்தான் கட்டியது. கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரிடம் "உராய்வுக் கந்தோர்" என்று சொன்னால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறக்கிவிடுவார். தேயிலைத் தொழிற்சாலை ரோலர்களில் அச்சைத் தாங்குகிற வெண்கல வளையங்கள், புஷ்கள் என்பார்கள், வருடம் ஒருமுறை தேய்ந்துபோகின்றன, அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் தேசிய உராய்வு ஆராய்ச்சி நிலையத்துக்கு இட்ட வேலை. பதினொரு வருடத்தில் அங்கே தேய்ந்தது பணிப்பாளரின் கதிரை மெத்தை மட்டும்தான் என்று சில பொல்லாத வாய்கள் சொல்லும். அது அபாண்டம். வாசற்படியும் தேய்ந்திருந்தது.

தனபாலன் அங்கே கணினி இயக்குபவன். கண்டி நகரத்து மஹய்யாவக்காரன், முப்பத்தொரு வயது, நிலையத்தில் மெய்யாகவே வேலை செய்கிற இரண்டு மூன்று பேரில் ஒருவன். உண்மையான புஷ்ஷைத் தேய்த்துப் பார்க்க நிலையத்தில் ஒரு சக்கர இயந்திரம் இருந்தது. ஆனால் தேய்மானம் எங்கே தொடங்குகிறது என்று அது காட்டாது. அதைக் காட்டத்தான் கணினி. செம்பணுக்களையும் வெள்ளீய அணுக்களையும் கலந்து கணினிக்குள்ளே குட்டியாக ஒரு வெண்கலக் கட்டி. அதன் மேல் ஒரு இரும்புக் கட்டி. இரும்பை இழுத்தால் வெண்கலத்தின் எந்த அணு எந்த நேரத்தில் பெயர்கிறது என்று தெரிந்துவிடும். அணு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு, 1 தொடக்கம் 6,912 வரை. ஒரு வினாடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்டு அதில் சில நூறு கூறுகளைக் கணக்குப் பார்க்க அந்தக் கணினி பதினொரு நாள் எடுத்தது. பார்க்க வந்த அமைச்சு அதிகாரிகள் யாருக்கும் அது ஆச்சரியமாக இருக்கவில்லை. கந்தோர் வேலை என்றால் அவ்வளவு எடுக்கும்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இந்த வேலையைப் பற்றிப் பணிப்பாளர் கலாநிதி நவரட்ணராஜா வருடாந்த அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: "நிலையத்தின் வசம் தற்போது 6,912 அணுக்கள் நல்ல நிலையில் உள்ளன." அழகான வரி. வசம் உள்ளதென்று அறிக்கையில் எழுதியது எல்லாம் கந்தோரின் பொருட் புத்தகத்திலும் ஏறிவிடும். எல்லா வினையும் அதில்தான் தொடங்கியது.

தொண்ணூற்றாறாம் வருடம் டிசம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை. தனபாலனின் தம்பி ராஜலிங்கம் கம்பளையில் ஒரு கராஜில் வேலை முடித்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். ராஜலிங்கத்தின் அடையாள அட்டை எட்டு வருடமாகச் சட்டைப் பையில் கிறீசோடும் வியர்வையோடும் கிடந்தது. இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்தும் மழுங்கிவிட்டன.

"இலக்கம் எங்கே?" என்று கேட்டார்கள்.

"தேஞ்சு போச்சு, சேர்."

"தேய யார் உனக்கு அனுமதி தந்தது?"

அண்ணன் வேலை செய்கிற கந்தோரில் அந்தக் கேள்விக்குத்தான் பதினொரு வருடமாகப் பதில் தேடுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ராஜலிங்கத்துக்கு அப்போது அது தோன்றவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்று எழுதிப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

தகவல் கேட்டு ஓடிய தனபாலனிடம் பொறுப்பதிகாரி பேனையை மேசையில் தட்டிக்கொண்டே சொன்னார். ஒரு அரச நிறுவனத் தலைவரின் கடிதம் வேண்டும், இந்த ஆளைத் தெரியும், நல்லவன் என்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் வரவேண்டும். ஐந்து மணிக்கு லொறி தெற்கே உள்ள முகாமுக்குப் புறப்படும். அதற்குப் பிறகு அவருக்கும் அந்த ஆளுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த லொறியில் ஏறியவர்கள் யாராவது திரும்பி வந்தார்களா என்று மஹய்யாவில் கேட்டுப் பார்த்தால் தெரியும். இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை தொண்ணூறில் ஏறினான். அவன் தாய் இன்னமும் அவனுக்கென்று ஒரு கோப்பை கழுவி வைக்கிறாள். தனபாலனின் அம்மா பேச்சியம்மா நகரசபையில் தெருக் கூட்டுகிறவள், எதற்கும் கலங்காதவள். அன்று ராத்திரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உலை வைக்க மறந்துபோனாள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கே தனபாலன் பணிப்பாளரின் கதவடியில் நின்றான். அவர் பத்து மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம் தம்பி, எனக்கு விளங்குது. வடிவா விளங்குது. ஆனா நானும் தமிழன் பாருங்கோ. அதாலதான் நான் கையெழுத்து வைக்க ஏலாது. நான் சிங்களவனா இருந்திருந்தா இந்த நிமிசமே வைச்சிருப்பன்."

"சேர், வெள்ளிக்கிழமை லொறி வந்துரும்."

"நாளைக்குப் பொருட் கணக்கெடுப்புச் சபை வருது. உங்கட பொறுப்பில இருக்கிற சாமான் எல்லாம் சரி எண்டு சபை எழுதித் தரட்டும். அதைக் காட்டி, இவர் ஒரு ஒழுங்கான உத்தியோகத்தர், இவரின்ர தம்பியும் ஒழுங்காத்தான் இருப்பார் எண்டு நான் ஒரு கடிதம் தாறன். என்ர பலத்தில இல்லை, சபையின்ர பலத்தில." சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மனுஷனுக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரு திருப்தி.

அரச கந்தோரில் வேலை செய்யாதவர்களுக்கு இந்தச் சபை என்னவென்று தெரியாது. வருடக் கடைசியில் வரும். கந்தோரில் இருக்கிற கதிரை, அலுமாரி, காதறுந்த கோப்பை எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்டில் இலக்கம் போட்டிருக்கும். சபை புத்தகத்தைப் பார்த்து இலக்கத்தை வாசிக்கும், நாம் சாமானைக் காட்டவேண்டும். கதிரையில் உட்கார முடியுமா என்று சபை கேட்காது. இருக்கிறதா என்று மட்டும் கேட்கும்.

புதன்கிழமை வந்த சபையின் தலைவர் அபேகோன் என்பவர். ஒல்லியான ஆள். முழங்கைவரை கறுப்பு உறை. கூட இரண்டு உதவியாளர்கள், காதில் பென்சில். காலையில் எழுபது கதிரை முடிந்தது. பிறகு "எண்பத்தெட்டு: நாய், காவல், ஒன்று" என்று வாசித்தார். நாய் இல்லை. நாயைக் கண்டு மாதக்கணக்காகிறது என்று வாசல் காவலாளி சொன்னான்.

அபேகோன் புத்தகத்தை மூடினார். ஜீப்பை எடுக்கச் சொன்னார். ஒரு மணித்தியாலத்தில் நாயோடு திரும்பி வந்தார். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுக் குசினியில் இருந்ததாம். இது எங்கள் நாய், ஆறு மாதமாக நாங்கள்தான் சோறு போடுகிறோம் என்று அந்த வீட்டுக்காரி அழுதாளாம். கழுத்துப் பட்டியில் இலக்கம் இருந்தது, அவ்வளவுதான். அவளிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தார். நாய் அவரைப் பார்த்து வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கணினி அறைக்கு வந்தார். "அணு, 6,912. காட்டுங்கள்."

தனபாலன் திரையைக் காட்டினான். திரையை எண்ண முடியாது என்றார். தாளில் வேண்டும். வெண்கலக் கட்டியில் இருக்கிற அணுக்கள் வரிக்கு ஒன்றாகத் தாளில் வந்தன, தாள் நிலத்தில் மடிந்து மடிந்து விழுந்தது. இரண்டு உதவியாளர்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தாளின் இரு பக்கமும் உட்கார்ந்து பென்சிலால் புள்ளடி போட்டார்கள். தனபாலன் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலேகாலுக்கு உதவியாளர் ஒருவர் நிமிர்ந்தார்.

"முப்பத்தேழு குறைகிறது, சேர்."

"அது குறையல்ல, சேர்" என்றான் தனபாலன். "இரும்பு இழுத்ததுல அந்த முப்பத்தேழும் வெண்கலத்தை விட்டுப் பேந்து இரும்புல ஒட்டிக்கிச்சு. அதுக்குப் பேர்தான் தேய்மானம். அதைப் பாக்கத்தான் இந்த நிலையமே இருக்கு."

அபேகோன் பொறுமையாகப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "உண்டு, இல்லை, உடைந்தது. மூன்று நிரல்தான். தேய்மானம் என்று நிரல் எங்கே?"

இல்லைதான். தனபாலனின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் விழுந்தது. வட்டம் இருக்கும்வரை பணிப்பாளர் கடிதம் தரமாட்டார். அதை அவர் அப்போதே சொல்லிவிட்டார், மிகுந்த அனுதாபத்தோடு.

வியாழக்கிழமை விசாரணை. காணாமற்போன முப்பத்தேழு அணுக்களும் கால்மணித்தியாலத்தில் அகப்பட்டன. 4,418ஆம் அணு எந்தக் கணத்தில் புறப்பட்டது, இரும்பின் எந்த மூலையில் இருக்கிறது என்று தனபாலன் விரல் வைத்துக் காட்டினான். அபேகோன் தலையாட்டினார். அப்படியானால் இது களவல்ல, இடமாற்றம். வெண்கலத்தின் பொறுப்பாளர் இரும்பின் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதி அணுக்களைத் திருப்பிக் கேட்கவேண்டும்.

"ரெண்டுக்கும் நான்தான் பொறுப்பு, சேர்."

"நல்லது. தபால் செலவு மிச்சம்."

தனபாலன் தனக்குத்தானே எழுதினான். தனக்குத்தானே மிகவும் வருந்திப் பதிலும் எழுதினான், உராய்வின் காரணமாகத் திருப்பித் தர இயலாதிருக்கிறது என்று. இருபது நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். அபேகோன் திகதிகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒரு அரச கந்தோர் கடிதம் கிடைத்த அன்றே பதில் போட்டால் அதை எந்த மேலதிகாரி நம்புவார்? குறைந்தது ஒரு நினைவூட்டலாவது நடுவில் இருக்கவேண்டும்.

அந்த நேரத்தில் பேச்சியம்மா ஆராய்ச்சி நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் சோற்றுப் பார்சல். "பொலிசுல வாங்க மாட்டேங்கிறாங்கப்பா" என்றாள். "ஜன்னல் வழியாப் பாத்தேன். புள்ளைக்கு ஒரு கண்ணு தொறக்கல. உங்க ஆபிசுல அந்த ஒரு கடிதாசிக்கு இன்னும் எத்தன நாளு ஆகும்?"

"நாளைக்குள்ள வாங்கிருவேன்மா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். சொன்னதை அவனே நம்பவில்லை. அவளும் நம்பவில்லை, ஆனாலும் போனாள்.

தேநீர் நேரத்தில் சபைக்கு மரியாதையாக ஒரு சிறு கூட்டம் வைத்தார்கள். பணிப்பாளர் நிலையத்தின் பெருமையைப் பேசினார். பிறகு அபேகோன் எழுந்தார்.

"முப்பத்தொரு வருட சேவை. என் கையில் ஒரு பொருள் தொலைந்ததில்லை. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் ஒரு கந்தோரிலிருந்து எடுத்துப்போன மேசையை எழுபத்தேழுக் கலவரத்தில் நான் கண்டுபிடித்தேன், இன்னொரு வீட்டிலிருந்து அதை வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். எண்பத்துமூன்றில் ஒரு கந்தோர் முழுதாக எரிந்தது. சாம்பல் சூடாயிருக்கும்போதே போனேன். தட்டச்சு இயந்திரம் பதினொன்று, பதினொன்றும் இருந்தன, உருகிப்போய். எண்ணிக்கை சரி. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது."

"அங்க வேலை செஞ்சவங்க, சேர்?" என்று தனபாலன் கேட்டான். கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"இரண்டு எழுதுநர்கள் இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. அவர்கள் புத்தகத்தில் இருக்கவில்லை."

சொல்லிவிட்டு மாரி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. தோய்த்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்த தனபாலனுக்கு அந்த நாயின் ஞாபகம் வந்தது. கோப்பையை வைத்துவிட்டு நேரே களஞ்சியத்துக்கு நடந்தான்.

களஞ்சியப் பொறுப்பாளர் முனாப், தனபாலனுக்குப் பதினைந்து வயது மூத்தவர்; அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவான். தனபாலன் சொன்னதைக் கேட்டுவிட்டு பூட்டுச் சாவியை விரலில் உருட்டினார்.

"என்ட வேலையும் போகும், தெரியுமா ஒங்களுக்கு."

"தெரியும், நானா."

"ஜூன் மாசம் கரண்ட் இல்லாத நேரம், ஒங்கட தம்பி வந்து அந்தத் தேய்க்கிற மெசின்ட சக்கரத்தக் கையால சுத்தினாருதானே? பன்னெண்டு நாள் சுத்தினாரு. நான் கண்ணால கண்டேன்."

"ஒரு டீயும் பணிசும்தான் குடுத்தாங்க."

"அப்ப இது பொய் இல்ல" என்று சொல்லிவிட்டு முனாப் சபை வாசிக்கிற அந்தப் பொருட் புத்தகத்தைத் திறந்தார். கடைசிப் பதிவின் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார்: 413. ராஜலிங்கம், ஒன்று. சக்கரம் சுற்றுவதற்கு. மின்வெட்டுக் காலத்தில் பாவனைக்கு வந்தது.

வெள்ளி காலை முழுக்க மழை. அபேகோன் கோப்பைகளை எண்ணினார், திரைச்சீலைகளை எண்ணினார், ஒரு திரைச்சீலையில் ஓட்டை எத்தனை என்று எண்ணினார். தனபாலனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மூன்று தடவை முகம் கழுவினான். இரண்டரை மணிக்குக் கடைசிப் பக்கம் வந்தது.

"413. ராஜலிங்கம், ஒன்று."

யாரும் எதையும் காட்டவில்லை.

"எங்கே?"

"பொலிஸ் நிலையத்தில இருக்கு, சேர்" என்றான் தனபாலன். "திங்கக்கிழமையில இருந்து."

"யார் வெளியே கொடுத்தது? வெளிக்கொடுப்புப் பத்திரம்?"

"பத்திரம் இல்ல, சேர். அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

அபேகோனின் காது சிவந்தது. முப்பத்தொரு வருடத்தில் பத்திரம் இல்லாமல் ஒரு பொருளை ஒரு திணைக்களம் இன்னொரு திணைக்களத்திடமிருந்து எடுத்துக்கொண்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை.

பணிப்பாளர் பதறிப்போனார். "அது ஒரு ஆள், மிஸ்டர் அபேகோன். மனுசன்."

"நாய் நாயாக இருந்ததால் விட்டேனா? புத்தகத்தில் இருக்கிறது. இலக்கம் இருக்கிறது. ஜீப்பை எடுங்கள்."

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர நாலு மணி. முற்றத்தில் லொறி ஏற்கனவே வந்து நின்றது. பொறுப்பதிகாரி தனபாலனைக் கண்டதும் "கடிதம் எங்கே?" என்றார். அபேகோன் கடிதம் எதுவும் கொண்டுவரவில்லை. புத்தகத்தை மேசையில் விரித்து, கறுப்பு உறைக் கையால் 413ஐத் தொட்டுக் காட்டினார்.

"எங்கள் பொருள் ஒன்று ஐந்து நாளாகப் பத்திரம் இல்லாமல் உங்கள் வசம் இருக்கிறது. உங்கள் நிலையத்துக்கு எப்போது சபை வருகிறது?"

"பதினெட்டாம் திகதி" என்றார் பொறுப்பதிகாரி. குரல் இறங்கிவிட்டது. அவருடைய நிலையத்தில் ஒரு துவிச்சக்கர வண்டியும் உட்காருகிற மர வாங்கு மூன்றும் குறைவு. அது அவருக்குத்தான் தெரியும், ஏதோ குறைகிறது என்று இப்போது அந்தக் குரலில் அபேகோனுக்கும் தெரிந்துவிட்டது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்த ஆளைப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்தார்கள். ராஜலிங்கம் அண்ணனைப் பார்த்தான், பிறகு அபேகோனைப் பார்த்தான். அபேகோன் அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு எழுதினார்: "413, உண்டு. பாவனைக்குரியது. சேதம்: இடது கண் வீக்கம், முன்பல் ஒன்று இல்லை, முதுகில் தழும்பு ஆறு." எழுதிவிட்டுப் புத்தகத்தைப் பொறுப்பதிகாரியின் பக்கம் திருப்பினார். "சேதம் உங்கள் வசம் இருக்கும்போது ஏற்பட்டது. கையெழுத்து."

பொறுப்பதிகாரி கையெழுத்து வைத்தார். அந்த நிலையத்தில் விழுந்த அடிகளில் ஒரு அரசாங்கப் புத்தகத்தில் பதிவானவை அவை மட்டும்தான்.

"அண்ணே" என்றான் ராஜலிங்கம், உடைந்த வாயால். "உள்ள இன்னும் பதினோரு பேரு இருக்காங்க."

தனபாலன் அபேகோனைப் பார்த்தான். அபேகோன் புத்தகத்தை மறுபடி திறந்து, மனச்சாட்சிப்படி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒன்றையும் அவசரப்பட்டுத் தள்ளவில்லை.

"பதிவில் இல்லை" என்றார். மெய்யாகவே வருந்தினார் என்றுதான் சொல்லவேண்டும்.

வாசலைத் தாண்டும்போது லொறியின் பின்கதவு இறங்குகிற சத்தம் கேட்டது. ஜீப்பில் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், மஹய்யாவ சந்தி வரும்வரை விடவில்லை.

இலக்கம் இல்லாத பொருளை வெளியே விடமுடியாது என்று சபையின் உத்தரவு. சனிக்கிழமை முனாப் வீட்டுக்கே வந்து ராஜலிங்கத்தின் வலது முன்கையில் வெள்ளை எனமல் பெயின்டால் 413 என்று போட்டார். பெயின்ட் டின் ஒன்றுக்கு அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. பணிப்பாளர் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். பெயின்ட்தானே.

அன்றிலிருந்து ராஜலிங்கம் பொதுக் குழாயில் குளிக்கும்போது வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வான். சோதனைச் சாவடியில் அட்டையைக் காட்டுவதில்லை, கையைக் காட்டுகிறான். அரசாங்க இலக்கத்தைக் கண்டால் ஆமிக்காரனும் ஒருகணம் யோசிக்கிறான். தெருவில் உள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எங்க புள்ளைக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க என்று பேச்சியம்மாவிடம் கேட்டார்கள்.

"இது எத்தன நாளைக்கிண்ணே தாங்கும்?" என்று ராஜலிங்கம் கேட்டான். மூன்றின் ஓரம் அதற்குள்ளேயே உரிய ஆரம்பித்திருந்தது. "உங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன்."

தனபாலன் பார்க்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய், ராஜலிங்கத்துக்கு ஞாபகம் இருந்த பதினொரு பெயர்களையும் எழுதிய தாளைக் களஞ்சியத்தில் கொடுத்தான். சபை புத்தகத்துக்கு முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டது. அதன் கடைசி வரி: "குறைந்த 37 அணுக்களைத் தேடும் பணி அடுத்த வருடமும் தொடரும்."

"லொறி போயிட்டுதே தம்பி" என்றார் முனாப். "இனி எழுதி என்னத்துக்கு?"

"அடுத்த டிசம்பர்ல அபேகோன் வருவாருல்ல, நானா. வந்து ஒவ்வொண்ணா வாசிப்பாரு. யாரும் காட்ட மாட்டாங்க. எங்கேன்னு கேப்பாரு." தனபாலன் தாளை அவர் பக்கம் நகர்த்தினான். "கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வேணும்."

முனாப் அடுத்த வருடத்துப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தைத் தடவி விரித்து, 414 என்று எழுதினார். பிறகு தாளைப் பார்த்து முதல் பெயரை வாசிக்கச் சொன்னார்.